கோவணமும் கோப்பின் அளவும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பின்தெருவில் குடியிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். துறவு பற்றிய கேள்வி எனக்கு லினக்ஸ் திரையில்தான் வந்தது.

‘வணக்கம்’ என்று மட்டும் அச்சிடும் நிரலை சி மொழியில் எழுதி ஜிசிசி தொகுப்பியில் தொகுத்தால், கோப்பு ஏறக்குறைய 16 கிலோபைட். கோ மொழியில் ஒன்றரை, இரண்டு மெகாபைட். சி சந்நியாசி, கோ சம்சாரி என்றுதான் தோன்றும்.

ஆனால் எழுத்தை அச்சிடும் வேலையை சி நிரல் தானே செய்வதில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் பொது நூலகம் செய்கிறது. அதையும் உள்ளே சேர்த்துத் தொகுங்கள், கோப்பு பல நூறு கிலோபைட் ஆகிவிடும். கோ நிரலோ, நினைவகத்தைத் துப்புரவு செய்யும் ஆள் உட்பட எல்லாவற்றையும் தானே சுமக்கிறது. பைத்தானில் நிரல் ஒற்றை வரிதான். ஆனால் அதை இயக்கும் இன்டர்ப்ரெட்டர் இல்லாமல் ஓடாது. 1 என்ற எண்ணுக்கே வழக்கமாக 28 பைட் பிடிக்கும். சி-யில் 4 போதும்.

மனிதத் துறவியின் கதையும் இப்படித்தான். 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்த ரமணர் கையிலிருந்த மிச்சக் காசை அய்யங்குளத்தில் எறிந்தார். பிறகு இதே ஊர்த் தெருக்களில் பிச்சை வாங்கி உண்டார். கோவணத்துக்குப் பின்னால் ஊரின் அடுப்பு எரிந்தது. அதனால் துறவு பொய்யாகிவிடுமா? ஆகாது. பொது நூலகத்தின் ஒரே பிரதி நினைவகத்தில் இருந்து எத்தனையோ நிரல்களுக்கு உதவுகிறது. எல்லோருக்கும் பொதுவாக இருப்பதில் தனக்கென்று ஒரு பிரதி கேட்காததே துறவு.

‘என்னிடம் எதுவுமில்லை’ என்று பெருமைப்படுமுன், நமக்காக யார் சுமக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.