பிறந்த வீடு

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மழை ஓய்ந்ததும் ஓடையோரம் கரிய மணல் மின்னும். காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அது இரும்பு. அந்த இரும்பு முதலில் பிறந்தது மண்ணில் அல்ல. என்றோ எரிந்து முடிந்த விண்மீன்களில்.

பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் இருந்தவை ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று சொல்லிவிடலாம். விண்மீன் எரிந்து இரும்பானது. இரும்பு இறுகி மலையானது. உலையில் உருகி உழவனின் கொழுவானது. அதே இரும்புதான் நம் குருதியிலும் சிவந்து ஓடுகிறது.

இத்தனைக்கும் ஒரு நோக்கம் உண்டா? அறுதியிட்டுச் சொன்னவர் எவருமில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பு இல்லாத ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. விண்மீன் எதையும் கேட்கவில்லை, மலையும் கேட்கவில்லை. அவற்றின் இரும்பைச் சுமக்கும் மனிதன் கேட்கிறான்.

நோக்கம் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதோ இல்லையோ, அதைத் தேடும் மனம் பிறந்துவிட்டது. அதுவே பெரும் புதுமை. கஞ்சமலை அடிவாரத்தில் நின்று இரவு வானத்தை அண்ணாந்து பார்ப்பவர், தம் பிறந்த வீட்டைத்தான் பார்க்கிறார்.