சுவரில் யாரைத் தேடுகிறோம்?



விசுவாசிகள் நடுவில் அடிக்கடி எழும்புகிற ஒரு கேள்வியை இந்த மாதம் எடுத்துக்கொள்கிறேன். பழைய மடங்களையும் பழைய ஊர்களையும் பார்க்க பஸ் பிடித்துக் கூட்டமாய் யாத்திரை போகிறார்களே, இரட்சிக்கப்பட்ட ஒருவன் அதிலே சேர்ந்து போகலாமா? தொழுகைக்கு அந்த மலையும் கணக்கல்ல, எருசலேமும் கணக்கல்ல என்று சமாரியா ஸ்திரீயிடத்தில் ஆண்டவர் பேசிவிட்டாரே (யோவான் 4). பின்னே ஒரு இடத்துக்கு என்ன தனிப் பரிசுத்தம்? கல்லும் சுண்ணாம்பும்தானே! "அதெல்லாம் வீண் பிரதர், அந்தப் பணத்தை ஊழியத்துக்குக் கொடுக்கலாம்" என்று சிலர் ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். போயிட்டு வந்தவர்களோ போட்டோக்களைக் காட்டி, "அங்கே பிரசன்னமே வேற மாதிரி இருந்துச்சு" என்கிறார்கள். இரண்டிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது. ஒரு வழியை எடுத்துப் பார்ப்போம். ஐரோப்பாவின் கிழக்கே ருமேனியா தேசம். அங்கே பெரும்பாலான ஜனங்கள் ஆர்த்தடாக்ஸ் சபையார். அதன் வடகிழக்கில் புக்கோவினா என்ற பகுதியில் வர்ணம் தீட்டின மடங்கள் இருக்கின்றன. தெற்கே மலைகளைத் தாண்டினால் டிரான்சில்வேனியா. அங்கே 12-ம் நூற்றாண்டு முதல் குடியேறின ஜெர்மானியர் கட்டின கோட்டை ஊர்கள். யாத்திரைக் குழுக்கள் இரண்டையும் ஒரே சுற்றில் பார்த்துவிடுவது வழக்கம்.

மடங்களில் பேர் பெற்றது வொரோனெத்ஸ். மோல்தாவியாவை ஆண்ட மகா ஸ்தேவான் 1488-ல் அதைக் கட்டினார். நாலு மாதம்கூட ஆகவில்லை, வேலை முடிந்துவிட்டது. 1547-ல் அதன் வெளிச்சுவர்களிலும் படம் எழுதினார்கள். ஏன் வெளியே? ஆலயம் சின்னது, ஜனம் திரள். உள்ளே ஆராதனை நடந்ததோ பழைய ஸ்லாவ் பாஷையில். ஏழைக் குடியானவனுக்கு அது புரியாது, எழுத்தும் தெரியாது. அவனுக்குச் சுவரே வேதபாடம். ஐந்நூறு வருஷம் நெருங்குகிறது, அந்த நீல நிறம் இன்னும் நிற்கிறது! (வடக்குச் சுவரை மட்டும் மழையும் காற்றும் தின்றுவிட்டன.)

மேற்குச் சுவர் முழுவதும் நியாயத்தீர்ப்பு. கிறிஸ்துவின் பாதத்திலிருந்து ஒரு அக்கினி ஆறு கீழே பாய்கிறது. தூதர்கள் ஊதுகிறது நாம் நினைக்கிற எக்காளம் அல்ல, அந்த மலைநாட்டு ஆட்டிடையர்கள் ஊதுகிற நீண்ட மரக்கொம்பு. பூமியும் சமுத்திரமும் மரித்தோரை ஒப்புவிக்கின்றன. காட்டு மிருகங்கள் தாங்கள் தின்ற கையையும் காலையும் வாயில் கவ்விக்கொண்டு வருகின்றன. மான் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை, அது யாரையும் தின்னவில்லையே என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். இதை வரைந்தவன் வெளிப்படுத்தின விசேஷத்தை எவ்வளவு ஆசையாய்த் தியானித்திருக்க வேண்டும்!

ஆனால் அதே சுவரில் இன்னொன்றும் இருக்கிறது. தீர்ப்புக்குக் காத்து நிற்கிற கூட்டத்தில் தலைப்பாகை கட்டின துருக்கரும், தாத்தாரியரும் வரிசையாக நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் மோல்தாவியா துருக்கி சுல்தானுக்குக் கப்பம் கட்டின நாடு. தாத்தாரியர் வந்து ஊரைக் கொளுத்தி ஜனங்களைச் சிறைபிடித்துப் போவார்கள். பக்கத்து மடமான மோல்தோவிட்சாவில், 1537-ல், கான்ஸ்டான்டினோபிள் பட்டணம் முற்றுகையிடப்பட்டதை வரைந்தார்கள். பழைய கதைப்படி அது 626-ல் பெர்சியரும் அவாரும் வந்த முற்றுகை. ஓவியனோ வந்தவர்களைத் துருக்கராகவே வரைந்துவிட்டான். தன் வீட்டை எரித்தவனை நரகத்தின் பக்கம் வரைந்தவனை நாம் லேசாகக் குற்றஞ்சாட்ட முடியாது. அவன் இடத்தில் நாம் இருந்தால் என்ன வரைந்திருப்போம்?

இங்கேதான் யாத்திரைக் கூட்டத்தைக் கவனிக்க வேண்டும். வழிகாட்டி குச்சியை நீட்டி, "இதோ இவர்கள் துருக்கர், இவர்கள் தாத்தாரியர்" என்கிறார். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். "இதிலே நான் எங்கே நிற்கிறேன்?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? மத்தேயு 25-ம் அதிகாரத்தில் வலது பக்கத்தாரும் சரி, இடது பக்கத்தாரும் சரி, திகைத்துப்போய்க் கேள்வி கேட்கிறார்கள். தன் இடத்தை முன்கூட்டியே அறிந்திருந்தவன் அங்கே ஒருவனும் இல்லை. நாமோ மற்றவன் நிற்கும் இடத்தைக்கூட நிச்சயமாய் அறிந்தவர்களைப்போலப் பார்க்கிறோம்.

பஸ் மலையைத் தாண்டி பிராஷோவ் ஊருக்கு வரும்போது ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. அங்கே ஜெர்மானிய லூத்தரன் சபையாரின் பெரிய ஆலயத்துக்குக் கறுப்பு ஆலயம் என்று பேர். 1689-ல் ஊர் பற்றியெரிந்தபோது படிந்த புகையால் வந்த பேர் அது என்று சொல்வார்கள். அந்த ஆலயத்துக்குச் சொந்தமாக நூற்றுக்கும் மேற்பட்ட கம்பளங்கள் உண்டு. எல்லாம் துருக்கியில் நெய்தவை. அவற்றில் சில முஸ்லிம்களின் தொழுகை விரிப்பு மாதிரியிலேயே நெய்தவை. வியாபாரிகள் வாங்கி வந்து ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். ஒரு மலைக்கு அந்தப் பக்கம் துருக்கன் அக்கினிக்குப் பக்கத்தில். இந்தப் பக்கம் அவன் கைவேலை ஆலயச் சுவரில்! இதை அன்பு என்று சொல்லி நான் மிகைப்படுத்தமாட்டேன். இந்த ஜெர்மானியரும் துருக்கருக்குப் பயந்து கோட்டை கட்டினவர்கள்தான். வியாபாரம்தான் கம்பளத்தைக் கொண்டுவந்தது. ஆனாலும் சத்துருவின் முகத்தை வரைகிறதற்கும், அவன் கைவேலையை ஆராதனை ஸ்தலத்தில் தொங்கவிடுகிறதற்கும் நடுவே ஏதோ ஒன்று நம்மைத் தட்டிக் கேட்கிறது அல்லவா?

அடுத்து பியெர்தான். 1867 வரைக்கும் அது அந்த லூத்தரன் சபையின் பிஷப் இருந்த ஊர். ஆலயத்தைச் சுற்றி மூன்று சுற்று மதில்கள். உள்ளே ஒரு கதவில் ஒரே சாவிக்கு 19 தாழ்ப்பாள்கள் அசைகிற பூட்டு. பிரிந்து போக நினைத்த கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் அடைத்து, ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கரண்டி கொடுத்து ஒப்புரவாக வைப்பார்களாம். (நம் பாஸ்டர்மார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஒரு கரண்டி வாங்கினாலும் வாங்குவார்கள்.) துருக்கருக்கு எதிராகக் கட்டின மதில் இன்றும் நிற்கிறது. மதிலுக்குள் இருந்த சபைதான் இல்லை. கம்யூனிச ஆட்சி விழுந்தவுடனே ஜனங்கள் ஜெர்மனிக்குப் புறப்பட்டார்கள். 1990 ஒரே வருஷத்தில் ருமேனியாவை விட்டுப் போன ஜெர்மானியர் ஒரு லட்சத்துக்கும் மேல். பல கிராமங்களில் ஆர்கன் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, பாட ஆள் இல்லை. வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள்.

வொரோனெத்ஸுக்கு நடந்தது வேறு. 1775-ல் புக்கோவினா ஆஸ்திரிய அரசுக்குப் போனது; 1785-ல் அந்த மடத்தில் துறவு வாழ்க்கை நின்றது. பிற்காலத்தில் கம்யூனிச அரசு 1959-ல் ஒரு சட்டம் போட்டு, தேசமெங்கும் ஆயிரக்கணக்கான துறவிகளையும் கன்னியாஸ்திரீகளையும் மடங்களிலிருந்து வெளியேற்றியது. வொரோனெத்ஸில் 200 வருஷத்துக்கு மேல் சுவர் மட்டும் நின்றது. 1991-ல் கன்னியாஸ்திரீகள் திரும்பி வந்தார்கள். அப்படின்னா சுவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா? திரும்பி வருகிறவர்களுக்கு வந்து சேர ஒரு வாசல் இருந்ததே. சுவரால் ஜெபிக்க முடியாது என்பது பியெர்தானில் தெரிகிறது. ஜெபிக்கிறவர்கள் வரும்வரைக்கும் காத்திருக்க முடியும் என்பது வொரோனெத்ஸில் தெரிகிறது. வாடகை ஷெட்டிலே ஆராதித்துப் பழகின நமக்கு இந்த இரண்டாவது காரியம் அவ்வளவு சுலபமாய்ப் பிடிபடாது.

படங்களை முத்தமிடுகிற காரியத்தில் என் மனசாட்சி இன்னும் சம்மதிக்கவில்லை. மரத்துக்கும் வர்ணத்துக்கும் அல்ல, அதில் வரையப்பட்டவருக்கே கனம் செலுத்துகிறோம் என்று அவர்கள் 787-ல் கூடின நிசேயா சங்கத்தைக் காட்டிச் சொல்வார்கள். நான் கற்பனையை அப்படி வாசிக்கவில்லை. அங்கே போகிற நம் விசுவாசி முத்தமிட வேண்டியதில்லை, முழங்கால்படியிட வேண்டியதில்லை. ஆனால் முத்தமிடுகிற கிழவியைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறானே, அப்போதே அவனும் ஒரு சுவரில் படம் வரைய ஆரம்பித்துவிட்டான். ஆலயத்தில் ஆயக்காரனைப் பார்த்த பரிசேயனுக்குத் தூரிகை தேவைப்படவில்லை.

இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ருமேனியாவில் பெந்தெகொஸ்தே சபை 1922-ல் ஆரம்பித்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அதைத் தடை செய்தார்கள். 1950-ல்தான் அரசு அங்கீகாரம் கிடைத்தது. 2021 ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே நம் விசுவாசிகள் சுமார் 4 லட்சம் பேர். வர்ண மடங்கள் இருக்கிற அதே சுசாவா மாவட்டத்தில் அவர்கள் திரளாய் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஊரார் வைத்த பேரின் அர்த்தம் "மனந்திரும்பினவர்கள்". கேலியாக வைத்த பேர். ஆக, மடத்துக்கு வருகிற உள்ளூர்க்காரன் ஒருவனுடைய மனச்சுவரில் அக்கினி ஆற்றின் பக்கத்தில் துருக்கன் போய், நம்மவன் நிற்கலாம். நம்மவனுடைய மனச்சுவரில் அந்தக் கன்னியாஸ்திரீ நிற்கலாம். ஒரே ஊரில், ஒரே கடையில் ரொட்டி வாங்குகிறவர்கள்!

அதனாலே போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாய்ப் போகலாம். பணக் கணக்கை அவரவர் கர்த்தருக்கு முன்பாகப் பார்த்துக்கொள்ளட்டும். அப்படி யாராவது போனால், அந்த மேற்குச் சுவருக்கு முன்னால் வழிகாட்டி பேசி முடித்த பிறகு ஐந்து நிமிஷம் கூடுதலாய் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். போனைப் பையில் வைத்துவிடுங்கள். ஆராதனை நேரம் வந்தால் ஒரு கன்னியாஸ்திரீ நீளமான மரப்பலகையைத் தோளில் சாய்த்து, சுத்தியலால் தட்டிக்கொண்டே ஆலயத்தைச் சுற்றி வருவார். அதுதான் அங்கே ஜெப அழைப்பு. பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கலாம். அவர் ஒரு சுற்று முடிக்கும்வரைக்கும் ஒதுங்கி வழிவிட்டு நில்லுங்கள்.