கொட்டினால் குளவியாகுமா?

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது, பிறந்த மண்ணிலிருந்து நாம் உடன்கொண்டு வந்த பழமொழிகளுள் ஒன்று. ஆசிரியரின் பிரம்புக்கும் தந்தையின் கடுஞ்சொல்லுக்கும் இது நெடுங்காலம் துணைநின்றுள்ளது. இடைவிடாது இடித்துரைத்தால் எப்பிள்ளையும் தேறிவிடும் என்றே நாமும் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கையை ஐயுற நேர்ந்த இடம், திருவனந்தபுரம் கரமனையில் நாம் குடியிருக்கும் இல்லத்துச் சன்னல் ஓரம்.

அலுவலகக் கோப்புகளை மறந்திருந்த ஒரு ஞாயிறன்று, குளவியொன்று ஈரமண் உருண்டைகளைக் கொணர்ந்து சன்னற்சட்டத்தில் சிறு குடுவை சமைத்துக் கொண்டிருந்தது. தமிழில் இதனை வேட்டுவன் என்போம். மலையாளத்தார் வேட்டாவளியன் என்பர். இரு பெயரிலும் வேட்டை ஒலிக்கிறது.

கல்லூரியிற் பயிலும் நம் மகன் தன் கேமராவுடன் வந்து நின்றான். பொருளின் உருவம் அதன் இயற்கை அளவிலேயே கருவியினுள் பதியுமாறு, ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் எடுப்பது அண்மைப்படக் கலை. அதற்குப் பூச்சியை ஒரு சாண் அளவுக்கு நெருங்கவேண்டும். அந்நெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டரே. கண் தெளிந்தால் கொடுக்கு மங்கிவிடும்.

“கொட்டிவிடுமே!” என்று அஞ்சினோம். கூட்டமாய் வாழும் கதண்டு, கூட்டைக் காக்கத் திரண்டு தாக்கும். தனித்து வாழும் இக்குளவியோ, பிடித்து நெரித்தாலன்றிப் பெரும்பாலும் மனிதரைக் கொட்டுவதில்லை. முட்டையிடும் உறுப்பே கொடுக்காக உருமாறியது என்பதால், பெண் குளவிக்கு மட்டுமே அது உண்டு.

மாலையில் படத்தைப் பெரிதாக்கிக் கண்டோம். குளவியின் கால்களிடையே பச்சைப் புழுவொன்று தளர்ந்து கிடந்தது. கொடுக்கின் நஞ்சு அதனைக் கொல்வதில்லை. செயலிழக்கச் செய்து, அழுகாமல் வைத்திருக்கிறது. குடுவைக்குள் நிகழ்வதை, பிரான்சு நாட்டுப் பூச்சியியலறிஞர் ழான் ஆன்றி ஃபாபர் (1823–1915) அதன் சுவரிற் சிறு சாளரம் திறந்து கண்டு எழுதினார். கூரையிலிருந்து மெல்லிழையில் ஒரு முட்டை தொங்கும். அதினின்று பிறக்கும் இளம்புழு, தாய் சேர்த்துவைத்த புழுக்களை உயிருடன் தின்று வளர்ந்து குளவியாகும்.

முன்னோர் கண்டது பொய்யன்று. புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் அவர்கள் கண்டனர். இடையில் நிகழ்ந்ததை மண்சுவர் மறைத்தது. கொட்டுண்ட புழு குளவியாகவில்லை, குளவிக்கு இரையாயிற்று.

இக்கொடுமையை எவ்வாறு ஏற்பது? உயிருள்ள புழுவின் உடலைத் தின்று வளரும் குளவி இனத்தை, அன்பே வடிவான இறைவன் திட்டமிட்டுப் படைத்திருப்பான் என்று நம்பத் தம்மால் இயலவில்லை என 1860-ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதினார். அவ்வினாவுக்கு விடைகூற நாம் வல்லோம் அல்லோம். ஆனால் குளவிக்கு வேறு வழி இல்லை, நமக்கோ உண்டு என்பதை மட்டும் அறிவோம்.

மறுநாளே அதற்குச் சோதனை வந்தது. குடுவையை உடைத்து உள்ளே படமெடுக்கலாமா என்று மகன் கேட்டான். பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மரக்கச் செய்து படமெடுப்போரும் உண்டு என்றான். ஃபாபர் திறந்து பார்த்திராவிடில் நமக்கு இவ்வுண்மை தெரிந்திராது. அதனை மறுப்பது நன்றியின்மை. ஆயினும் ஒருவர் கண்டு எழுதிவைத்த பின், ஒரு படத்திற்காக அக்கதவை மீண்டும் உடைப்பானேன்? நாவலாசிரியர் மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996), காட்டு யானைகளை அவற்றின் காட்டுக்கே சென்று கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். அவரை நினைவூட்டி, “பொறுத்திரு” என்றோம். மகன் முகம் சுளித்தாலும் இசைந்தான்.

இவ்வறிவுரை கூறிய நாவே, அவ்வாரம் முழுதும் இளைய மகளைக் கொட்டிக் கொண்டிருந்தது. மலையாளப் பள்ளியில் பயிலும் அவள், தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். றகரமும் ரகரமும் பிறழும்போதெல்லாம் கடிந்தோம். தமிழ் அழிந்துவிடுமோ என்னும் அச்சமே காரணம். எனினும் அச்சத்திற்குப் பிறந்த சொல்லும் கொடுக்குத்தான். அவள் புத்தகத்தை மூடினாள். பின்னர் நம் முன்னிலையில் தமிழ் பேசுவதையே குறைத்துக் கொண்டாள். செயலிழந்த அப்பச்சைப் புழுவின் படத்தை மறுமுறை பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

கண்டித்தலே கூடாது என்பதன்று நம் கருத்து. பிழையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அக்குடுவையில் குளவியாக வளர்ந்தது எது? தாய் மண்சுமந்து வீடு கட்டி, இரை தேடி வைத்து, கூரையில் தொங்கவிட்டுக் காத்த முட்டையன்றோ! அதனை அவள் ஒருமுறையும் கொட்டவில்லை.

சில வாரங்கள் கழித்துக் குடுவையில் ஒரு வட்டத் துளை தென்பட்டது. குளவி பறந்துவிட்டது, மகனுக்குப் படம் கிட்டவில்லை. அன்று மாலை இளைய மகளை அழைத்து, வெற்றுக் குடுவையைக் காட்டி, நடந்ததைக் கதையாகச் சொன்னோம். “இதற்குத் தமிழில் என்ன பெயர்?” என்று கேட்டாள். சொன்னோம். அவள் தன் ஏட்டில் எழுதிக் கொண்டாள். றகரம் வரும் சொல்லன்று. வந்திருந்தாலும் அன்று நாம் திருத்தியிருக்க மாட்டோம்.