அதுவோ, வேறோ?



வாஷியில் ஒரு வீட்டுப் பலகணியில் குண்டுமல்லிச் செடியொன்று தொட்டியில் நிற்கின்றது. அவ்வீட்டு அம்மையார் முன்னர்த் தாராவியில் வாழ்ந்தவர். அங்கே அவருடைய தாயார் வாசலில் வளர்த்த செடியின் கிளையிலிருந்து பிறந்ததே இச்செடி. தாயார் காலமானார், பழைய வீடு இடிக்கப்பட்டபோது தாய்ச்செடியும் மறைந்தது. சென்ற மழைக்காலத்தில் யான் அங்கே சென்றிருந்தபொழுது அம்மையார், "ஐயா, இது எங்கள் அம்மா வைத்த செடிதானே?" என்று கேட்டார். ஆம் என்றால் அவர் மனம் ஆறும். ஆயினும் ஆறுதலின் பொருட்டு ஆராயாது விடை கூறுதல் தகுமோ? ஆதலின் அவ்வினாவை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதற்கண் செடியின் இயல்பை அறிதல் வேண்டும். நாம் வளர்க்கும் குண்டுமல்லி பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. கிளையை நட்டோ, பதியம் போட்டோதான் அதனைப் பெருக்குகின்றனர். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும், இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் வேர்விட்ட கன்றுகளை வளர்த்து அனுப்புகின்றனர். எனவே இன்று பூக்கும் மல்லிகை ஒவ்வொன்றும் முன்னொரு செடியின் கிளையே. அம்முன்னது அதற்கும் முன்னதன் கிளை.

வீட்டில் இதனைச் செய்தல் அரிதன்று. மிக இளையதும் மிக முதிர்ந்ததும் அல்லாத கிளையைத் தெரிந்துகொள்க. இங்கும் நடுவழியே நன்று. மூன்று நான்கு கணுக்கள் உள்ளவாறு, அடிக்கணுவின் கீழே கூரிய கத்தியால் நறுக்குக. கீழிலைகளை நீக்கி, மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் இரண்டு கணுக்கள் மறையும்படி ஊன்றுக. வேர் பிறப்பது பெரும்பாலும் கணுவில்தான். மண் ஈரமாயிருத்தல் வேண்டும், நீர் தேங்கலாகாது. மும்பை மழையில் தொட்டியின் அடித்துளை அடைபட்டால் கிளை அழுகிவிடும். சில வாரங்கள் நிழலில் வைத்து, வேர் விட்டதா என்று பிடுங்கிப் பாராதிருத்தல் வேண்டும். பொறுமையற்றவன் கையில் எக்கிளையும் பிழைப்பதில்லை. வேரூன்றிய பின்னர் நல்ல வெயிலில் வைக்க. வெயிலின்றேல் மல்லிகை இலை விடுமேயன்றிப் பூக்காது.

பதியம் இன்னும் உறுதியான வழி. தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, பட்டையைச் சிறிது கீறி, அவ்விடத்தை அருகிலுள்ள தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தால் போதும். தனக்கென வேர் உண்டாகும்வரை அக்கிளை தாயின் நீரையே பருகும். வேர் பிடித்த பின்னரே அறுக்கின்றோம்.

இனி வினாவிற்கு வருவோம். அறுத்த பின்னர் நிற்பது பழைய செடியா, புதிய செடியா? பழையதே என்பீராயின், அதன் வேர் வேறு, மண் வேறு. தாய்ச்செடி பட்டுப்போன பின்னரும் இது நிற்கின்றதே! முற்றிலும் வேறே என்பீராயின், அதே இலை, அதே மணம் எங்கிருந்து வந்தன? நூற்பாலையில் உழைத்தவர் இதனை எளிதில் உணர்வர். கூம்பில் சுற்றிய நூல் நெடுந்தொலைவு ஓடுகின்றது. ஆயினும் முனைமுதல் முனைவரை ஓடும் பஞ்சிழை ஒன்றேனும் அதில் இல்லை. சிற்றிழைகள் ஒன்றையொன்று பற்றி முறுக்குண்டு நிற்றலையே நூல் என்கின்றோம். மாறாத பொருளொன்று உள்ளே இல்லை; தொடர்ச்சி உண்டு.

மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் உரைத்த மாங்கனித் திருடன் கதையை நினைவு கூர்வீர்களாக. ஊன்றிய மாங்கொட்டை வேறு, யான் பறித்த கனி வேறு என்று வழக்காடுவதால் திருடன் குற்றம் நீங்குமோ? நீங்காது, அதனின்றே இது வந்தது. அதுவும் அன்று, வேறும் அன்று என்னும் இவ்விடையில் ஒரு பொறுப்பு அடங்கியுள்ளது. தொடர்ச்சி உள்ள இடத்தில் வினைக்குப் பொறுப்பும் உண்டு.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சங்கமித்தை போதி மரத்தின் தென்கிளையை இலங்கைக்குக் கொணர்ந்ததாக மகாவம்சம் கூறுகின்றது. கயையிலிருந்த பழைய மரம் 1876இல் வீழ்ந்தது. அனுராதபுரத்து மரமோ இன்றும் தளிர்க்கின்றது. அதன் வழிக்கன்று 1931இல் சாரநாத்திற்கு வந்தது. தனக்கென்றே வைத்துக்கொண்ட ஊரில் மரம் வீழ்ந்தால் யாவும் முடிந்திருக்கும். கொடுத்தமையால் அன்றோ அது நிலைத்தது!

ஆயினும் ஒன்றை மறவாதீர். கிளையோடு மணம் மட்டும் வருவதில்லை. தாய்ச்செடியில் நச்சுநோய் இருப்பின் அதுவும் உடன் வரும். ஆதலால் நோயற்ற கிளையையே தெரிந்தெடுத்தல் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பதும் இவ்வாறே. பழைய வீட்டை விட்டு வந்தோம் என்கின்றோம். கடுஞ்சொல்லும், குடியும், தம்முள்ளேயே ஏற்றத்தாழ்வு பார்க்கும் சிறுமையும் நம்மோடு ஒட்டி வந்திருப்பின், புதுமண் மட்டும் என் செய்யும்?

அம்மையாருக்கு யான் கூறியது இதுவே: "அம்மா, இது உங்கள் தாயார் வைத்த செடி அன்று. ஆனால் அவர் ஊற்றிய நீர் வீண்போகவில்லை என்பதற்கு இதுவே சான்று. இதனை உங்களோடு நிறுத்திவிடாதீர்கள்." அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் அடுத்த வீட்டுப் பெண்ணை அழைத்து, தாழ்ந்த கிளையொன்றைக் காட்டினார். அன்றே அது பதியம் போடப்பட்டது.

வாடும் மலரைக் கண்டு நிலையாமையை அறிகின்றோம். வேர்விடும் கிளையைக் கண்டு நம் கடமையையும் அறிவோமாக.