ஒற்றியூரினின்றும் ஆரூர்க்கு

சின்னாட்களுக்கு முன் ஒரு மாலைச் சொற்பொழிவு முடிந்தபின், முதியவர் ஒருவர் எம்மை அணுகி ஒரு வினா நிகழ்த்தினார். ஊரை விட்டுப் பட்டினத்திலே மகன் மனையிற் சில ஆண்டுகளாய்த் தங்கியிருப்பவர் அவர். ‘உன்னை விட்டுப் போகேன்’ என்று பேரனுக்குச் சொல்லிய சொல் ஒருபால் இருக்க, சொந்த ஊர்க் கோயில் விழா நெருங்குந்தோறும் உள்ளம் அங்கேயே சென்று நிற்கின்றதாம். “சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஒற்றியூரை விட்டு மீளும்போது கண்ணிழந்தாரன்றோ? அங்ஙனமாயின் மீள நினைப்பதே பிழையாமோ?” என்றார். அப்பொழுது யாம் கூறிய விடை எமக்கே நிரம்பிற்றில்லை. ஆதலின் ஈண்டுச் சிறிது விரித்துக் கூறப் புகுந்தாம்.

நம்பியாரூரர் தோன்றியது திருநாவலூராயினும், பரவையாரோடு வாழ்ந்த ஆரூரே அவர்க்கு உரிமையூராயிற்று. தலயாத்திரையாய்த் திருவொற்றியூர் புகுந்தவர், திருக்கோயிலிற் பூத்தொடுத்திருந்த சங்கிலியாரைக் கண்டு, இறைவனையே துணைக்கொண்டு மணந்து, அங்கே வைகினார். வேனில் வந்தது, தென்றல் வந்தது. ஆரூரில் வீதிவிடங்கப் பெருமானுக்கு நிகழும் வசந்த விழாவும், அதிற் பரவையார் ஆடலும் பாடலும் நினைவில் எழுந்தன. பிரிவாற்றாது அவர் பாடிய ஆரூர்ப் பதிகம் 7ஆம் திருமுறையில் 51ஆவதாக உள்ளது. ஒருநாள் புறப்பட்டார், ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவிலே இருகண்ணும் மறைந்தன. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்திலே சேக்கிழார் பெருமான் இதனை விரித்தோதுவர்.

இனிக் குற்றம் யாண்டுளது என்று நோக்குவாம். ஆரூரை நினைந்ததிற் குற்றம் இன்று. சிவத்தலத்தை நினைந்து வருந்துதல் பிழையாமாறு எங்ஙனம்? ஒற்றியூரிற் சூளுரைத்த முறையையே உற்று நோக்குக. பிரியேன் என்று சபதஞ் செய்தற்கு முன்னரே நம்பிகள், ‘யான் சூளுரைக்குங்கால் நீர் சன்னிதியை விட்டு மகிழின்கீழ் இருத்தல் வேண்டும்’ என்று தம் தோழராகிய பெருமானிடம் வேண்டிக்கொண்டார். பல தலங்களும் சென்று வழிபடுங் கடப்பாடுடைய தமக்கு ஓரூரிற் பிணிப்புண்டிருத்தல் இயலாதென அவர் அறிவர். தங்கும்போதே போதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்தார் என்க. பெருமானோ அதற்கும் இசைந்து, சங்கிலியார் கனவிலும் தோன்றி, மகிழின்கீழே சூளுறவு கொள்க என்றருளினார். வாயில் அடைபட்டது. ஆகவே கண்ணிழப்பு மீண்டமைக்கு வந்த தண்டமன்று. தங்கியபோது உள்ளொன்று வைத்துச் சொல்லிய சொல்லுக்கு வந்த விலை. சங்கிலியார் ஒற்றியூரில் எய்திய தனிமையை எண்ணாது இவ்வரலாற்றைப் படிப்பார் பாதி படித்தவரே ஆவர். அவர்பொருட்டு நின்றவனும் அப்பெருமானேயன்றோ!

அற்றேல், சொற்பிழைத்தாரை ஒற்றியூருக்கே திருப்பாது மேற்செல்ல விடுத்தது என்னையெனின், கூறுதும். 300 கிலோமீட்டருக்குக் குறையாத வழியைக் குருடராய் நடந்து செல்லத் துணிந்தார் நம்பிகள். திருவெண்பாக்கத்தை அடைந்து, ‘கோயிலில் உளீரோ?’ என்று வினவ, இருக்கின்றோம், நீர் செல்லலாம் என்னுங் கருத்துப்பட அயலாரிடம் பேசுவதுபோலப் பெருமான் மறுமொழி கூறி, ஊன்றுகோல் ஒன்று மட்டும் அளித்தார். தோழனுக்கு அது கண்ணிழப்பினும் கொடிது. எனினும் கோல் எதற்கு? நடத்தற்கன்றோ! போக வேண்டாம் என்பவர் கோல் கொடார். (அவ்வெண்பாக்கத்துப் பழங்கோயில் 1944ஆம் ஆண்டு முடிவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் அகப்பட, இறைவர் இன்று கரைமேற் புதுக்கோயிலில் எழுந்தருளியுள்ளார். ஊர்மீளுங் குருடர்க்குக் கோலளித்தவர்க்குத் தம் பழையவூர் மீளுதல் வாய்த்திலது!)

காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். ஒருங்கே அளியாது வழியிடையிட்டு அளித்தது சிந்திக்கற்பாலது. சிவஞானபோதத்து 11ஆஞ் சூத்திரம் கண்ணையே உவமையாக எடுத்தாளும். கண் தானே காணமாட்டாது. உயிர் உடனின்று காட்டியும் கண்டும் உதவினாற்றான் காணும். அங்ஙனமே உயிர்க்கு இறைவன் உதவுவன் என்பது அதன் கருத்து. கண்ணுடையேம் என்று வாழ்ந்த நாளில் இவ்வுண்மை நூற்பொருளாய் நிற்கும். கோலூன்றி நடக்குங்கால் அடிதோறும் அநுபவமாம். நம்பிகள் அறியாததன்று, நமக்கு அறிவித்தற்பொருட்டு அவ்வழி நடந்தார்.

மீண்டவர்க்கு ஆரூர் பழைய ஆரூராகவே இருந்ததோ எனின், இன்று. சங்கிலியார் செய்தி கேட்டிருந்த பரவையார் வாயில் திறந்திலர். இருகண்ணும் பெற்றுவந்தவர் தம் மனையின் புறத்தே நின்றார். நள்ளிரவில் அர்ச்சகர் கோலத்திற் பெருமான் தூது நடந்தார், அம்மையார் மறுத்துவிட்டார். மீளவும் தம் மெய்யுருவிலே சென்றபின்னரே இசைந்தார். அவ்வீதியில் இருமுறை நடந்த திருவடி நோவை எண்ணியே கலிக்காமர் நம்பிகள்மேற் சினந்தார்.

அம்முதியவர்க்குக் கண்ணிழந்த கதையை மட்டுமே அன்று சொன்னேம்; திறவா வாயிலையும் தூதினையும் சொல்லாது விட்டேம். மறுபடியும் வருவாராயின், பேரனிடம் விடைபெறுமாறு முதற்கண் உரைத்து, பின் இதனையுஞ் சொல்லுவேம்.