காணாத சரிவும் அநுமானமும்

பிரத்தியட்சமே (நேரில் காண்பதே) பிரமாணம், காணாததைப் பற்றிப் பேசுவதெல்லாம் வீண் ஊகம் என்று சாதிப்போருக்கு தர்க்கத்தை ஆராயும் இந்தியத் தத்துவ மரபான நியாய தரிசனம் அளித்த விடையை, வட வேல்ஸின் டென்பிஷயர்ப் பாறைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த அந்த வண்டல் அடுக்குகள் சில இடங்களில் மடிந்தும் சுருண்டும் கிடக்கின்றன. இறுகிக் கல்லாகுமுன்பே அவை சரிவில் வழுக்கி இறங்கியவை என்று 1930களில் நிலவியலாளர் ஓ. டி. ஜோன்ஸ் வாதிக்க, பிற்காலத்தில் நிலத்தை நெருக்கிய அழுத்தமே அவற்றை மடித்தது என்று மற்றொரு நிலவியலாளரான பாஸ்வெல் மறுத்தார்.

ஒரே விளைவுக்கு இரு காரணங்கள் சொல்லக்கூடிய இந்தச் சிக்கல் நியாய மரபிலும் உண்டு. நதியின் பெருக்கைக் கண்டு மேலே மழை பெய்ததென அநுமானிக்கலாமெனில், அணையிட்டுத் தடுத்தாலும் நதி பெருகுமே என்ற ஆட்சேபத்தை நியாய சூத்திரமே எழுப்புகிறது. எதிர்வாதத்தை மறைக்காமல் நூலுக்குள்ளேயே இடம் கொடுத்த அந்த நேர்மை வணங்கத்தக்கது. நுரையும் இலையும் கட்டையும் அடித்துவரும் வேகமான பெருக்கே மழைக்கு அடையாளம் என்பது அச்சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனரின் சமாதானம். கல்லாகுமுன்பே வழுக்கியது என்று சொல்லப் பாறைக்கும் அத்தகைய விசேஷ அடையாளம் வேண்டும்: மடிப்பின் முகடு சீவப்பட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கு சற்றும் கலையாமல் படிந்திருத்தல்.

வழுக்கியது உறுதியானபின் சரிவின் திசையையும் அநுமானிக்கலாம். நிலம் பின்னாளில் சாய்ந்த அளவைக் கழித்துவிட்டு மடிப்புகளின் அச்சுகளை அளந்தால், அவை பெரும்பாலும் சரிவுக்குக் குறுக்கே கிடக்கும். மடிப்புகள் கவிழ்ந்த பக்கமே பள்ளத்தின் பக்கம். நெடுந்தூரம் வழுக்கிய சேற்றிலோ அச்சுகள் ஓட்டத்தின் திசைக்கே திரும்பிவிடக்கூடுமாதலால், ஒரே மடிப்பை நம்பித் திசை சொல்வது அவசரம். சரிவு எவ்வளவு செங்குத்தானது என்பதற்கு இவை சாட்சி சொல்வதில்லை. ஒரு பாகைக்கும் குறைந்த சரிவிலும் சேறு வழுக்கும்.