வளைவும் விரிசலும்: சற்காரியவாதத்தில் செய்பவனின் பொறுப்பு

காரியம், அதாவது செய்யப்பட்டு வெளிப்படும் பொருள், தன் காரணத்தினுள் முன்பே நுண்ணிலையில் இருந்தது என்று சைவ சித்தாந்தம் கொள்கிறது. இக்கொள்கை சற்காரியவாதம் எனப்படும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த மரபு இதை விளக்கக் குடத்தையே எடுத்துக்காட்டுகிறது: மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அய்யனாருக்கு மண்குதிரை நேர்ந்து வைக்கும் வழக்கமும், குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் பெருங்குதிரைக்கு மாசிமகத்தில் காகிதப்பூ மாலை சாத்தும் வழக்கமும் வாழ்கின்ற ஆலங்குடி வட்டாரத்தில், இந்த எடுத்துக்காட்டு ஏட்டுக்குள் அடங்கிவிடுவதன்று.

இக்கொள்கை ஒரு கடினமான வினாவை எழுப்புகிறது. குதிரை மண்ணில் முன்பே இருந்தது என்றால், சூளையில் அதன் கழுத்தில் விழும் வெடிப்பும் அதே மண்ணில் முன்பே இருந்ததாகத்தானே ஆகும்? இருந்ததே வெளிப்பட்டது என்னும்போது, செய்தவன்மேல் குற்றம் சாட்ட இடமுண்டா? சூளைக்குப் போகாத பச்சைமண்ணை மீண்டும் நீர்விட்டுப் பிசைந்துவிடலாம் என்பதால், குடத்தின் எடுத்துக்காட்டு இவ்வினாவின் கூர்மையை ஓரளவு மறைத்துவிடுகிறது. பிசைந்து மீட்க முடியாத பொருளில் வைத்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகும். தனியார் தம் பட்டறையில் கட்டும் சிறு விமானத்தின் எஞ்சினுக்குக் காற்றையும் எரிபொருளையும் கொண்டுசேர்க்கும் அலுமினியக் குழாய் அத்தகைய பொருள்.

தமிழ்நாட்டுக்கு இம்முயற்சி புதிதன்று. சென்னையில் விடுதி நடத்திய, கோர்சிகாவைச் சேர்ந்த டி ஏஞ்சலிஸ், தாமே வகுத்த விமானத்தைச் சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறையில் கட்டுவித்து, 1910இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். இன்று இத்தகைய விமானத்துக்குக் குழாய் செய்யும் வேலையில் முதல் முடிவு உலோகத் தேர்வு. மாங்கனீசு சிறிதளவு சேர்ந்த 3003 என்னும் கலவை எளிதில் வளையும், ஆனால் வலிமை குறைவு. மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த 6061 கலவை, டி6 எனப்படும் வெப்பப்பதத்தில் வலிமை மிக்கது, ஆனால் சிறிய ஆரத்தில் வளைத்தால் பிளந்துவிடும். அதைச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு இளக்கிக்கொள்ளலாம். பட்டறைகளில் இதை அனீலிங் என்பர். இரும்பைப் போல அலுமினியம் சூட்டில் சிவந்து தன் நிலையைக் காட்டாது, உருகும்வரை நிறம் மாறாது. ஆகவே அசிட்டிலின் சுடரின் கரியைக் குழாய்மேல் பூசி, அக்கரி எரிந்து மறையும் வரை மட்டுமே சூடேற்றுவது வழக்கம்.

வளைக்கும்போது குழாயின் புறச்சுவர் நீண்டு மெலிகிறது, உட்சுவர் நெருங்கிச் சுருங்கி மடிப்பு விழப் பார்க்கிறது. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்காயின் புறச்சுவர் ஏறத்தாழக் கால்பங்கு நீள்கிறது, மும்மடங்காயின் ஆறில் ஒரு பங்கே நீள்கிறது. குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே உலர்ந்த மணலை இறுக நிரப்புவர், அல்லது வெந்நீரிலேயே உருகும் உலோகக் கலவையை ஊற்றுவர். வளைந்த இடம் இறுகிவிடுகிறது; அந்த இறுக்கத்தை மீண்டும் சூடேற்றி நீக்கலாம், ஆனால் மெலிந்த சுவர் எந்த நெருப்பிலும் மீண்டும் தடிக்காது. எஞ்சினின் அதிர்வு ஒவ்வொன்றும் அம்மெலிவில் சேர்ந்துகொண்டே போகிறது. இன்ன அளவுக்குக் கீழான அதிர்வு என்றும் தீங்கு செய்யாது என்னும் உறுதியான எல்லை அலுமினியத்துக்கு இல்லை. விரிசல் விழுந்தால் அதன் வழியே கூடுதல் காற்று நுழைந்து, எரிபொருள் விகிதம் குறைந்து, எஞ்சின் சூடேறி வலுவிழக்கும். அது வானில் நிகழ்ந்தால் ஓர் உயிர் போகலாம்.

ஆகவே வளைவும் விரிசலும் ஒரே குழாயில் முன்பே உள்ளன என்னும் சித்தாந்தக் கூற்று உண்மையே. ஆனால் எது வெளிப்பட வேண்டும் என்பதைக் குழாய் தீர்மானிக்காது. அது சடம், அதாவது அறிவில்லாத பொருள். உலகின் முதற்காரணமாகிய மாயை சடப்பொருள் ஆதலால் தானே உலகமாக விரிய முடியாது, அறிவுடைய ஒருவன் வேண்டும் என்பதே சித்தாந்தம் நிமித்தகாரணத்தை நிறுவும் முறை. உலகுக்கு இறைவன் முதற்காரணம் ஆகாமல் நிமித்தமாக நிற்பதும் இதனால்தான். அறிவே நிமித்தகாரணத்தின் இலக்கணம் என்றால், செய்பவனின் பொறுப்பும் அவனுடைய அறிவின் எல்லைவரை நீள்கிறது என்பது தானே பெறப்படும். உலோகத்தின் இயல்பை அறிய வாய்ப்பிருந்தும் அறியாமல் வளைத்தவன், நிமித்தகாரணம் என்னும் நிலையிலிருந்து தண்டசக்கரத்தின் நிலைக்குத் தானே இறங்கிவிடுகிறான்.

குடத்தின் எடுத்துக்காட்டு விட்டுச்சென்ற இடத்தைக் குழாய் இவ்வாறு நிரப்புகிறது: முதற்காரணத்துக்கு இயல்பு மட்டுமல்லாமல், தன்மேல் செய்யப்பட்டவற்றின் சுவடும் உண்டு. சற்காரியவாதம் செய்பவனின் சுமையை இறக்கிவைக்கவில்லை. நன்மை, தீமை இரண்டும் பொருளுக்குள் காத்திருக்கின்றன என்று அறிவித்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து வெளிக்கொணரும் கடமையை, கை வைப்பதற்கு முன்பே சிந்தித்தாக வேண்டிய கடமையை, அவன்மேல் முழுமையாக ஏற்றுகிறது.